நூற்றுப் பதினான்காம் எண் கழுதையும் என் பதக்கமும்

எனக்குத் துரோகம் செய்தவன் ஹவில்தார் தனராஜ். எங்கள் படைப்பிரிவின் கிளார்க். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயரை நான் மறக்கவில்லை. கதை முடியும்வரை நீங்களும் மறக்க வேண்டாம்.

வடக்கே பனிமலையில் சண்டை நடந்தபோது நான் கோவேறு கழுதை ஓட்டினேன். ஆற்றுக்கு இப்பால் அடிவார முகாம். பாலம் தாண்டினால் குண்டு விழும் மலை. விடியுமுன் அடிவாரத்தில் சப்பாத்தி தின்றுவிட்டு, கழுதைமேல் வெடிமருந்துப் பெட்டி ஏற்றி, மேல் முகாமுக்குக் கொண்டுபோவேன். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன்.

என் கழுதையின் குளம்பில் 114 என்று சூடு போட்டிருந்தது. பொல்லாத கழுதை. இரண்டாம் நாளே தனராஜ் போட்டோவுக்கு நிற்க ஆசைப்பட்டு அதன் கழுத்தில் கைபோட்டான். முழங்கையைக் கடித்துவிட்டது. அன்றைக்கே அதிகாரிக்குப் புகார் எழுதினான்.

சண்டையில் வென்றோம். பதக்கம் அறிவித்தார்கள். விதி ஒரே வரிதான்: பாலத்துக்கு அப்பால் முப்பது நாள் பணி செய்திருக்க வேண்டும். தனராஜ் மேல் முகாமின் சாப்பாட்டுப் பதிவை எடுத்து, அதில் இருந்த பெயர்களை அப்படியே பட்டியலாக்கினான். நான் அங்கே ஒரு கவளம் தின்றதில்லை. வெயிலுமுத்து என்ற என் பெயர் விடுபட்டுப்போயிற்று. அவன் பெயர் இருந்தது. கேட்டபோது, அங்கே சாப்பிடாத ஆளை அங்கே இருந்தான் என்று எப்படி எழுதுவது என்றான்.

எனக்கு எழுத்து வராது. என் மருமகள் தமிழரசிதான் எனக்குப் பதக்கம் கேட்டு ராணுவ அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள். ஏழாவது கடிதத்துக்குப் பழைய கோப்பிலிருந்து இரண்டு நகல் வந்தன. ஒன்று மேல் முகாமின் தீனிப் பதிவு. நண்பகலில் எந்தக் கழுதைக்குத் தீனி போட்டார்கள் என்று தினமும் அதில் எழுதியிருக்கிறார்கள். 114க்கு முப்பத்தேழு நாள். மற்றது தனராஜின் புகார்.

போன மாசி மாதம் மேஜர் தேவசகாயம் எங்கள் ஊருக்கு விசாரணைக்கு வந்தார். பழைய ஆட்கள் கூடியிருந்தார்கள். பட்டியல் எழுதியவன் என்பதால் தனராஜையும் கூப்பிட்டிருந்தார். தீனிப் பதிவைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"ஐயா, இது கழுதை வந்ததைத்தான் சொல்லுது. பதக்கத்தைக் கழுதைக்கே குத்திவிடுங்க. ஓட்டினது எவனோ, யார் கண்டா? அப்படியே இவன்தான் ஓட்டினான்னு வச்சாலும், ராத்திரி இந்தப் பக்கம் வந்து படுத்தவனுக்கு அது ஒரு நாளா?"

கூட்டமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் எழுந்து நின்றேன்.

"ரெண்டாவது காகிதத்தையும் படிக்கச் சொல்லுங்கய்யா. எழுதினவரே படிக்கட்டும்."

தனராஜ் கண்ணாடியை மாட்டினான். இரண்டு வரி படித்தான். காகிதத்தை மடிக்கப் பார்த்தான். மீதியை மேஜரே வாங்கிப் படித்தார்.

கேட்பவர்களே, அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது? எங்கள் இருவரில் யார் சொன்னது சரி?

விடை இதுதான். தன்னைக் கடித்த கழுதையைப் பற்றி தனராஜ் இப்படி எழுதியிருந்தான்: "இது வெயிலுமுத்துவைத் தவிர எவரையும் அண்ட விடுவதில்லை. சண்டை முடியும்வரை வேறு யாரும் இதன் கயிற்றைத் தொடக் கூடாது." கீழே அதிகாரி, 'உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கழுதை போன முப்பத்தேழு நாளும் நான் போன நாள். விதி கேட்டது பணியை, படுக்கையை அல்ல என்று சொல்லி மேஜர் என் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். சிரித்த அத்தனை பேரும் எழுந்து சல்யூட் அடித்தார்கள்.

தனராஜ் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. குடியரசு தினத்தன்று பதக்கத்தோடு அவன் வாசல் வழியாக நிதானமாக நடந்தேன். "தப்பு என்னுதுதான் வெயிலுமுத்து" என்று அவன் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அதை நான் விடப்போவதில்லை.