வலியில்லாதவர் மட்டும் உள்ளே வரலாம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்யத்தில், உக்கிரசேனன் என்றொரு ராஜா இருந்தார். பிறந்ததிலிருந்து அவருக்கு எந்த வலியும் வந்ததில்லை. வரும்படியாக அவர் ஒரு வேலையும் செய்ததில்லை.

புது மண்டபம் ஏன் இன்னும் முடியவில்லை என்று ஒருநாள் சபையில் கேட்டார்.

"கொத்தனுக்கு இடுப்பு வலியாம், கல் சுமப்பவனுக்கு முதுகு வலியாம், மகாராஜா," என்றார் பிரதானி சாரங்கபாணி. "எல்லாம் சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை. நஷ்டம் ராஜ்யத்துக்கு! வலியுள்ளவர் எவரும் அரண்மனைக்குள் இருக்கக் கூடாதென்று ஆணையிடுங்கள். அடியேனுக்கு நகக்கண்ணில்கூட வலி கிடையாது."

சொல்லும்போதே அவர் கண் விகடகவி விடங்கன்மேல் இருந்தது. விடங்கனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் பணியாரம் போல வீங்கியிருந்தது. ராஜாவிடம் அவனுக்கிருந்த செல்வாக்கைப் பார்த்துப் பார்த்துப் பிரதானி வயிறெரிந்து கிடந்தார்.

"பலே! ஆணையை விடங்கனே நிறைவேற்றட்டும். வலியுள்ள ஒருவர் உள்ளே இருந்தாலும் விடங்கனையே நாடு கடத்துவேன்," என்றார் ராஜா.

விடங்கனுக்குப் பகீரென்றது. பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்த நாட்டுக்குப் போவது? போதாக்குறைக்குப் பல்லும் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் வணங்கி, "உத்தரவு, மகாராஜா" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவனே வெளியேறினான். கோட்டை வாசலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டான்.

"எங்கேயாவது வலிக்குதா?"

அதுவரை அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"எங்க வலிக்கலேன்னு கேளுங்க சாமி!" என்றாள் சமையல்காரி அங்காயி, முழங்காலைப் பிடித்தபடி. தண்ணீர் இழுப்பவன் தோளைக் காட்டினான். பல்லக்குத் தூக்கிகள் மொத்தமாகக் கழுத்தைக் காட்டினார்கள். வைத்தியருக்கே மணிக்கட்டில் வலி. இத்தனை பேரும் வாயைத் திறக்காமல் வேலை பார்த்திருக்கிறார்களே என்று விடங்கனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எல்லோரையும் வெளியே மரத்தடியில் உட்கார வைத்தான்.

மறுநாள் விடிந்தது. சங்கு ஊதாமல் ராஜா கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். சங்கூதிக்குத் தாடை வலி, ஆகவே அவனும் மரத்தடியில். ராஜா படுத்தபடியே காத்திருந்தார். சூரியன் உச்சிக்கு வந்தது. வயிறு கூப்பாடு போட்டது. வெளியே சொல்ல முடியாத வேறு அவசரங்களும் நெருக்கின.

"யாரங்கே!" என்று அலறினார்.

பிரதானி மட்டும் வந்தார். வலியே இல்லாத ஒரே ஆள் அவர்தானே! சங்கை அவரே ஊத, எருமை தும்மியது போல ஒரு சத்தம் வந்தது. ராஜா எழுந்து ஓடினார். பிறகு பிரதானியே தண்ணீர் இழுத்தார், விறகு பிளந்தார், சோற்றைத் தீய்த்தார். ராஜா வாசல்வரை நடப்பதும் வழக்கமில்லை. பல்லக்குத் தூக்க ஆளில்லாததால் பிரதானியின் முதுகிலேயே ஏறிக்கொண்டு விடங்கனைத் தேடி வந்தார்.

வாசலைத் தாண்டியதும், "ஐயோ, என் இடுப்பு!" என்று பிரதானி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிரதானியாரே, மரத்தடியில் தங்களுக்கும் இடமிருக்கிறது," என்றான் விடங்கன்.

அங்காயி நகர்ந்து இடம் விட்டாள். "வாங்க சாமி, குந்துங்க. மொதல்ல அப்படித்தான் இருக்கும். பொறவு பழகிடும்."

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, திடீரென்று விலாவைப் பிடித்துக்கொண்டார். "ஆ! இதென்ன, குத்துகிறதே!"

"அதற்குப் பெயர்தான் வலி, மகாராஜா. இனி அரண்மனைக்குள் ஓர் ஈ காக்கைகூட இல்லை. ஆணை முழுதாக நிறைவேறிவிட்டது."

ராஜா மரத்தடியைப் பார்த்தார். "இதை வைத்துக்கொண்டா இவர்கள் தினமும் வேலை செய்கிறார்கள்?"

"இதைவிட அதிகம். இவர்களைத் துரத்தினால் என்ன நஷ்டம் என்பதைத் தாங்கள் இன்று காலை படுக்கையிலேயே கண்டீர்கள்."

ஆணை அங்கேயே ரத்தானது. எல்லோருக்கும் பகலில் ஓய்வு, வைத்தியம், தைலம் என்று ராஜா உத்தரவிட்டார். தைலம் காய்ச்சும் வேலை பிரதானிக்கு. பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி, விடங்கனின் கழுத்தில் போடப் போனார்.

"மெதுவாக, மகாராஜா! நேற்று முழுக்க எல்லார் வலியையும் கேட்டுத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தும் பிடித்துக்கொண்டது."

ராஜா மறுபடியும் சிரித்தார், இந்தத் தடவை விலாவைப் பிடித்துக்கொண்டு, ஜாக்கிரதையாக.