அண்டங்கலக்கிக்கு அறுபத்து நாலு சக்தி

செவ்வந்திக்கோட்டை ராஜா கஜகேசரிக்குப் படக்கதை என்றால் உயிர். வாரம் ஒன்று வேண்டும். அதில் ஒரு பொல்லாத வில்லன் வரவேண்டும். கடைசிப் படத்தில் ராஜாவே அவனை வீழ்த்தவேண்டும். வரைந்து கொடுப்பவன் அரண்மனைச் சித்திரக்காரன் ஏகப்பன். கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம் அவனுக்கு. அந்த வாயைத்தான் தளவாய் கோட்டைமுத்துவுக்குப் பிடிக்காது.

ஒருநாள் சபையில் தளவாய் எழுந்தார்.

"மகாராஜா, இவன் வரைகிற வில்லன்களெல்லாம் நோஞ்சான்கள். ஒருத்தனுக்கு வெயில் ஆகாது. ஒருத்தனுக்குத் தண்ணீர் ஆகாது. போன வாரத்து ஆளுக்குத் தும்மினால் சக்தி போய்விடுகிறது. ஜலதோஷக்காரனை ஜெயிப்பதா தங்களுக்குப் பெருமை?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டவர் அவர்தான். உத்தரவு போட வாயைத் திறந்தார்.

உடனே கட்டியக்காரன் தொடங்கினான். ராஜா எதைச் செய்வதற்கு முன்னும் அவர் பட்டங்களையெல்லாம் சொல்லி முடிக்கவேண்டும். அதுதான் அந்த அரண்மனை மரியாதை.

"பராக்! எதிரிகளின் கனவிலும் வாளோடு வருபவர்! பராக்! யானையை முறைத்தே உட்காரவைத்தவர்!"

மொத்தம் முப்பத்திரண்டு. ராஜா திறந்த வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். புரோகிதர் ஒரு குட்டித் தூக்கமே போட்டு எழுந்தார்.

"ஏகப்பா!" என்றார் ராஜா. "பலவீனமே இல்லாத வில்லன் வேண்டும். வெறுங்கையால் நான் அவனை ஜெயிக்கவேண்டும். வரம், சாபம், தெய்வத் துணை எதுவும் கூடாது. மூன்று நாளில் முடியாவிட்டால் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு!"

ஏகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி செங்கமலத்துக்கு இது ஒன்பதாம் மாதம். எல்லைக்கு நான்கு நாள் நடக்கவேண்டும். பயத்தோடு நிமிர்ந்தவன் கண்ணில், தொண்டை வறண்டு பானகம் குடித்துக்கொண்டிருந்த கட்டியக்காரன் பட்டான். பயம் சட்டென்று விலகியது.

"வில்லனின் சக்திகளைத் தளவாயே சொல்லட்டும், மகாராஜா" என்றான் பணிவாக.

தளவாய்க்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"பெயர் அண்டங்கலக்கி. கண்ணால் கோட்டையை எரிப்பான். மூச்சால் மலையைப் பறக்கவிடுவான். நிழலால் ஆளை விழுங்குவான்."

"மூன்றுதானா? போதாதே, ஐயா."

தளவாய் மூச்சுப் பிடித்துச் சொல்லிக்கொண்டே போனார். அறுபத்து நாலில் நின்றார்.

"எதிரிகள்?"

"இருபது ராஜாக்கள். எல்லாரும் சாம்பல். மிச்சம் நம் மகாராஜா ஒருவர்தான்."

"கூட்டாளி ஒருத்தன் வைத்துக்கொள்ளட்டுமா?"

"தாராளமாக. வில்லனுக்கு இன்னும் பலம்தானே!" என்று தளவாய் சிரித்தார்.

வீட்டில் செங்கமலம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். "இந்த வயித்தோட அவ்வளவு தூரம் நான் எப்படிங்க நடப்பேன்?"

"நடக்க வேண்டாம். அந்த மூட்டையைப் பிரி, தூரிகை அதுக்குள்ள இருக்கு."

மூன்றாம் நாள் சபையில் படங்கள் தொங்கின. முதல் படத்தில் அண்டங்கலக்கி மலை உயரத்துக்கு நின்றான். வெகு தூரத்தில் ராஜா, தனியாக, வெறுங்கையோடு. ராஜாவுக்கே வியர்த்தது.

இரண்டாம் படத்தில் வில்லன் கண்ணை உருட்டுகிறான். எரிக்கப்போகிறான். பக்கத்தில் அவன் கூட்டாளி வாயருகே கை குவித்து நிற்கிறான். ஒரு கட்டியக்காரன்!

"பராக்! கண்ணால் கோட்டையை எரிப்பவர்!"

வில்லன் காத்திருக்கிறான். ராஜா நடந்து வருகிறார்.

"பராக்! மூச்சால் மலையைப் பறக்கவிடுபவர்!"

வில்லன் இன்னும் காத்திருக்கிறான். இருபத்திரண்டாம் சக்தி சொல்லும்போது ராஜா வந்து சேர்ந்துவிட்டார். முப்பதாவதில் அவன் முழங்காலைத் தட்டிவிட்டார். குப்புற விழுந்தவன் அதோடு முடிந்தான். கடைசிப் படத்தில் ராஜா திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார். கூட்டாளி மட்டும் பிணத்துக்குப் பக்கத்தில் நாற்பதாவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தளவாய் துள்ளி எழுந்தார். "மோசடி! பலவீனம் கூடாது என்றோமே! இதைவிடப் பெரிய பலவீனம் உண்டா?"

"நான் எதையும் குறைக்கவில்லையே, ஐயா. மகாராஜாவுக்கு நாம் செய்கிற மரியாதையைத்தான் அவனுக்கும் செய்தேன். அதைப் பலவீனம் என்று சொல்வது தாங்கள்."

தளவாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராஜா படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஏகப்பா, அற்ப வில்லனுக்குக் கட்டியக்காரன் இருக்கிறான். எனக்கு ஏன் வரையவில்லை?"

"வரைந்திருந்தால் மகாராஜா, இந்நேரம் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருப்பீர்கள்!"

கட்டியக்காரன் தொண்டையைச் செருமுவதற்குள் ராஜா சிரித்துவிட்டார்.