மன்னர் வேட்டியும் மீன் இல்லாத ஏரியும்

கோலவேல் மன்னருக்குக் கெண்டைமீன் குழம்பு என்றால் உயிர். அரண்மனைக்குப் பின்னாலேயே கடல் மாதிரி ஓர் ஏரி. அப்படியிருந்தும் கொஞ்ச நாளாக அவர் இலையில் வெறும் கத்தரிக்காய்!

"எங்கேய்யா என் கெண்டை?" என்று சபையில் கத்தினார்.

மந்திரி அதிவீரர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "கரையோரம் வலை வீசுகிறவர்கள் போடும் கூச்சலில் மீனெல்லாம் பயந்து ஓடிவிட்டது, மன்னா."

"பொழுது சாய்வதற்குள் அவர்களை நாட்டை விட்டே துரத்தும்!"

மன்னரைச் சிரிக்க வைப்பதுதான் சபையில் சீராளனுக்கு வேலை. அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. நேராக ஏரிக்குப் போனான். வலைக்காரி பூவாத்தா சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் தாயி, அவ்வளவு சத்தமா போடுறீங்க?"

"நல்லா கேட்டீங்க சாமி! எங்க சத்தத்துல மீனுக்குக் காது அடைச்சுப் போச்சா? கரையைப் பாருங்க. முன்னே ஆள் உசரத்துக்குக் கோரை நின்னுச்சு. அதுக்குள்ளதான் மீன் முட்டை போடும், குஞ்சு ஒளிஞ்சு விளையாடும். எல்லாத்தையும் மொட்டை அடிச்சுட்டு மந்திரி கரும்பு நட்டாரு. மழை பேஞ்சா சேறும் எருவும் வழிஞ்சு நேரா தண்ணிக்குள்ள. அங்க எந்த மீன் குடித்தனம் பண்ணும்? எல்லாம் நடு ஏரிக்குப் போயிருச்சு. எங்ககிட்ட ஓடமா இருக்கு?"

"மொட்டை அடிக்கச் சொன்னது யாரு?"

"மன்னர்தானாம்! ஏரிக்கரையை எடுன்னு ஆணையாம்."

சீராளன் நெற்றியில் தட்டிக்கொண்டான். அந்த ஆணை பிறந்த அன்று அவனும் சபையில் இருந்தான். அப்புறம் களுக்கென்று சிரித்தான். "மூட்டையைப் பிரி தாயி. நான் பார்த்துக்கறேன்."

மதியம் மன்னர் வேண்டாவெறுப்பாகக் கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்தார். சீராளன் பக்கத்தில் நின்று ஒரு வேடிக்கை சொன்னான். மன்னர் குலுங்கிச் சிரித்தார். சொட்! குழம்பு வேட்டியில் விழுந்தது. சாதாரண வேட்டியா? முழ அகலத்துக்குச் சரிகைக் கரை போட்டது!

"ஐயோ! சீராளா, நான் வேறு வேட்டி மாற்றிக்கொள்கிறேன். நீ இந்தக் கறையை உடனே எடுக்கச் சொல்!"

"உத்தரவு மன்னா!"

சாயங்காலச் சபையில் வேட்டியைத் தட்டில் வைத்து நீட்டினான். மன்னர் பிரித்தார். சரிகையைக் காணோம்! ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கியது. நடுவில் குழம்பு மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி! என்ன செய்தாய்?"

"கரையை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டேன்."

"மண்டூகமே, நான் சொன்னது கறை! பெரிய ற!"

"என் காதில் சின்ன ர விழுந்துவிட்டது, மன்னா. மந்திரியாருக்கே அப்படித்தானே விழுந்தது?"

"மந்திரிக்கா? எப்போது?"

"சாயக்காரர்கள் துணி அலசி ஏரித் தண்ணீர் நீலமும் சிவப்புமாகக் கிடந்ததே! 'ஏரிக் கறையை எடும்' என்றீர்கள். இவர் கரையை எடுத்துவிட்டார்; கோரையை மொட்டை அடித்துக் கரும்பும் நட்டுவிட்டார். கறை அப்படியே மிதக்கிறது. கரை போன வேட்டியில் நூல் நிற்கவில்லை. கரை போன ஏரியில் மீன் நிற்கவில்லை."

மந்திரியின் மீசை தொங்கிப்போனது. "அன்றைக்கு எனக்குக் காது கொஞ்சம் மந்தம், மன்னா..."

"கரும்பு நடுவதற்கு மட்டும் சுறுசுறுப்போ? போய் அதைப் பிடுங்கி, உம் கையாலேயே கோரையை நடும்! சாயத் தண்ணீருக்குத் தனிக் குழி வெட்டும்! வலைக்காரர்கள் எங்கேயும் போக வேண்டாம். கெண்டை திரும்பி வரும்வரை உம் வீட்டிலும் கத்தரிக்காய்தான்!"

சபையே சிரித்தது. மன்னரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சீராளா, உனக்கு ஒரு வேட்டி பரிசு!"

சீராளனுக்கு வாயெல்லாம் பல். "கரை போட்டதா, மன்னா?"

"போட்டதுதான், போட்டதுதான்!" என்ற மன்னர், தட்டில் கிடந்த அதே வேட்டியைத் தூக்கி அவன் தோளில் போட்டார். "கறை போட்டது. பெரிய ற!"