ஏழாவது கம்பி

ரெஜினாவிடம் கிட்டார் செய்யக் கற்றுக்கொள்ள வந்த பாக்கியநாதன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசித்தே தலை நரைத்தவர். ஆனாலும் அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். மரத்தில் அவர் இதுவரை ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

வந்த நாளிலிருந்து வரைபடம்தான் போட்டுக்கொண்டிருந்தார். ரம்பத்தைத் தொடவே இல்லை. முதலில் பேஸ் கிட்டாருக்கு வழக்கமான நாலு கம்பிக்கு வரைந்தார். அது ஐந்தானது, பிறகு ஆறு. அன்று காலை அவர் விரித்த தாளில் ஏழு கம்பி இருந்தது.

ரெஜினாவுக்கு அலுத்துவிட்டது.

“இதுதான் மாஸ்டர் கடைசி. இனிமே மாத்த மாட்டேன். ஆரம்பிக்கலாமா?”

வரைபடத்தில் கிட்டாரின் கழுத்துக்கு என்ன அகலம் போட்டிருந்ததோ, அதே அகலத்தில் ஒரு மாமரத் துண்டை அறுத்தாள். பின்பக்கத்தை இழைத்து உருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“கல்யாணத்துல வாசிக்கிற மாதிரி வாசிங்கண்ணே. நான் சாப்பிட்டு வந்துடறேன்.”

கம்பியே இல்லாத வெறும் கட்டை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, பெருவிரலைப் பின்னால் கொடுத்து, மற்ற விரல்களை மேல் ஓரத்துக்கு நீட்டினார். எட்டவில்லை. மணிக்கட்டை இன்னும் மடக்கினார். எட்டியது, கூடவே வலியும் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தார்.

“பழகிடும்” என்றார்.

“பழகட்டும். அந்த ஏழாவது கம்பி எந்தப் பாட்டுக்கு?”

அவருக்குத் தெரியாத கச்சேரிப் பாட்டு கிடையாது. மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்.

“எந்தப் பாட்டுக்கும் இல்ல.”

“அப்புறம் எதுக்குண்ணே?”

கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கீபோர்டுக்காரன் இடது கையாலேயே என் வேலையையும் சேர்த்துப் பண்ணிடறான். வைகாசியில ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல. வீட்ல சும்மா உட்கார முடியல. அன்னிக்குத்தான் அஞ்சாவது கம்பியை வரைஞ்சேன்.”

“ஆறாவது?”

“அது ஆனியில. அப்பவும் கூப்பிடல.”

“இது?”

“நேத்து. மனசு கேட்காம மண்டபத்து வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள நம்ம ஆளுங்கதான் வாசிச்சிட்டிருந்தாங்க. அப்படியே திரும்பிட்டேன்.”

அவர் கண் கலங்கியது.

“ஏழு கம்பியோட, நானே செஞ்சதைத் தோள்ல மாட்டிட்டுப் போய் நின்னா, வேண்டாம்னு சொல்ல முடியாதுல்ல மாஸ்டர்?”

ரெஜினாவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கம்பி இழுக்கிற இழுப்புல கழுத்து வளையும். தெரியும்ல?”

“தெரியும். உள்ள இரும்புக் கம்பி வச்சா நிக்கும்.”

“ஏழுக்கு?”

“ரெண்டு வைக்கணும்.”

“அடுத்த முகூர்த்தத்துக்கும் அவங்க கூப்பிடலேன்னா?”

அவர் பார்வை வரைபடத்துக்குப் போனது.

“அவங்க கூப்பிடாத கல்யாணத்துக்கெல்லாம் ஒரு கம்பி கட்டிட்டே போனா, எந்த மரம்ணே தாங்கும்?”