சத்தமாகச் சொன்ன சாட்சி

செம்மண் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் அருமைநாயகம் என்று ஒருவர் இருந்தார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போவார். ஓய்வுக்குப் பிறகு வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். புரியாத வசனங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் ஊர்ச் சபையின் ஆயரிடம் போய் விளக்கம் கேட்பார்.

ஆயர் ஜெபகனி, அருமைநாயகத்தின் மூத்த மகளை விட இரண்டு வயது இளையவர். அருமைநாயகம் அவரை "அம்மா" என்பார். ஆயர் இவரை "அண்ணாச்சி" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அருமைநாயகம் வேதாகமத்தைத் திறக்கவில்லை.

"அம்மா, நாலு மாசமா தினமும் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஆண்டவரைப் பத்திச் சொல்லுதேன். ஒருத்தர்கூட பதிலுக்கு ஒரு கேள்வி கேக்கலை. என்கிட்ட என்ன குறை?"

"நீங்க பேசும்போது எப்படிக் கேக்காங்க?"

"மரியாதையாத்தான் கேக்காங்க. உக்காந்திருக்கவங்க எந்திரிச்சிருவாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டியிருந்தா இறக்கி விட்டுருவாங்க."

ஆயர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அந்த பஸ் ஸ்டாண்டுல நீங்க போகாத கடை ஏதாவது இருக்கா அண்ணாச்சி?"



இருந்தது. இசக்கிமுத்துவின் பஞ்சர் கடை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் மோட்டார் திருடு போனது. யாரோ இசக்கிமுத்துவின் பேரைச் சொன்னார்கள். அருமைநாயகம் அவரைக் கடையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார். மூன்றாம் நாள் மோட்டார் வேறொருவன் வீட்டில் கிடைத்தது. இசக்கிமுத்துவை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய இடது மணிக்கட்டு அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை. இப்போதும் டயரை முட்டியில் இடுக்கிக்கொண்டுதான் கழற்றுவார்.

அருமைநாயகம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க நேரம் பிடித்தது.

"நாளைக்கு அந்தக் கடைக்குப் போங்க," என்றார் ஆயர். "கையில எதுவும் கொண்டு போகாதீங்க."

மறுநாள் மதியம் அவர் போனார். இசக்கிமுத்து டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

"இசக்கிமுத்து, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க."

தண்ணீரில் ஓர் இடத்தில் குமிழி வந்தது. இசக்கிமுத்து அந்த இடத்தை விரலால் அமுக்கிக்கொண்டார்.

"என்னை எத்தனை மணிக்கு அடிச்சீங்க சார்?"

"காலையில. எட்டரை இருக்கும்."

"ஆமா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பஸ்ஸுக்கு நின்ன நேரம். என் மகளும் நின்னா." அவர் குரலை உயர்த்தவில்லை. "இப்ப மதியம், ஆள் இல்லாத நேரம் பாத்து வந்திருக்கீங்க."

அருமைநாயகம் திரும்பி நடந்தார். நேராக ஆயரிடம்தான் போனார்.

"ஊர் கூடுற நேரத்துல வந்து சொல்லணும்னு நினைக்கான்மா."

"நினைக்காரா? சொல்லிர வேண்டியதுதானே."

"பென்ஷனுக்கு வம்பு வரலாம். அதைக்கூட விடுங்க. நான் இன்னைக்கு ஆண்டவர் பேரைச் சொல்லி நடக்கிற ஆளு. நானே நின்னு, ஒரு அப்பாவியை அடிச்சேன்னு சொன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? சாட்சி கெட்டுப்போகாதா?"

"அடிச்சது அந்த ஜனங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அவங்க பேசிக்கிட மாட்டாங்களா?"

தான் பிரசங்கம் செய்த நாலு மாதமும் அந்த ஜனங்கள் எதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள் என்பது அப்போதுதான் அருமைநாயகத்துக்கு உறைத்தது.

ஆயர் எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். "காலையில நானும் கூட வாரேன்."

"வேண்டாம்மா," என்றார் அருமைநாயகம். "அன்னைக்கு அவருக்குத் துணைக்கு யாரும் இல்லை."

ஆயர் தலையசைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அருமைநாயகம் பஞ்சர் கடைக்கு முன்னால் போய் நின்றார். ஒரு காலத்தில் அதட்டிப் பழகிய தொண்டை. அன்று அதட்டாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால, இதே இடத்துல வச்சு இசக்கிமுத்துவை அடிச்சேன். நான் திருடலைன்னு அவர் சொன்னார். நான் கேக்கலை. மூணாம் நாள் உண்மை தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் நான் வாயைத் திறக்கலை. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுது."

ஒரு பஸ் கிளம்பாமல் நின்றது. எங்கேயோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அவரை அதட்டினார். இசக்கிமுத்து ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்தார். பிறகு கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கேட்டுச்சு."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில் அருமைநாயகத்தைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மருமகன் போனில் கூப்பிட்டு, குடும்ப மானத்தைக் கெடுத்துவிட்டதாகச் சண்டை போட்டார். அருமைநாயகம் பஸ் ஸ்டாண்டில் பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை வகுப்பை விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏட்டு சுடலைமணி அவர் வீட்டுக்கு வந்தார். அருமைநாயகத்திடம் வேலை பழகியவர். உட்காரச் சொல்லியும் நின்றபடியே பேசினார்.

"ஐயா, நேத்து செல்போன் திருட்டுன்னு ஒருத்தனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நான் எடுக்கலைன்னே சாதிச்சான். லத்தியை எடுத்துட்டேன்."

"ம்."

"நீங்க பஸ் ஸ்டாண்டுல நின்னது ஞாபகம் வந்துருச்சு. லத்தியை வச்சுட்டு, உக்காருப்பான்னு சொல்லி விசாரிச்சேன். சாயங்காலம் பாத்தா, அவன் எடுக்கலை. அனுப்பிட்டோம்." ஏட்டு தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இசக்கிமுத்து கையைப் பிடிச்சிட்டு நின்னது நான்தான்யா."

அவர் போன பிறகு அருமைநாயகத்துக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆயர் வீட்டுக்கு வேகமாக நடந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"நாலு மாசம் கத்தினேன், ஒண்ணும் நடக்கலை. இதுக்காகத்தான் ஆண்டவர் என்னை அங்க நிறுத்தியிருக்கார்மா. ஞாயித்துக்கிழமை சபையில இதைச் சாட்சியாச் சொல்லட்டுமா?"

ஆயருக்குக் கண் கலங்கியிருந்தது.

"என்கிட்டக் கேக்காதீங்க அண்ணாச்சி. இசக்கிமுத்துகிட்டப் போய்க் கேளுங்க. நல்ல செய்தியை முதல்ல கேக்க வேண்டியவர் அவர்."