மணலில் அடித்த முளை

நாச்சியாரம்மாளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் குழந்தைவேலு அறுபதைத் தாண்டியவர். மாணவர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். தன்னைவிடச் சின்னவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. "வார்டன் ஐயா" என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போதே பாதி சிரிப்பு வந்துவிடும்.

அம்மா பிரசங்கம் செய்கிறவர் அல்ல. ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு போய், எங்காவது கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கவைப்பார். சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், நடப்பார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வீடு திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். அவ்வளவுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

அந்த முகாமைத் தானே நடத்த வேண்டும் என்பது வார்டனின் ஆசை. வேலையை விட்டு வந்த பிறகு, காலையில் எழுந்தால் அவரை எதிர்பார்த்து யாரும் இல்லை. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"ஆறு பேரை அனுப்பறேன். புன்னைத்துறைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் அம்மா. "முதல்ல காட்டுல தங்குங்க, அப்புறம் கடற்கரையில. மூணு நாளும் ஆறு பேரும் இருந்தாங்கன்னா மேற்கொண்டு பேசுவோம்."

புன்னைத்துறை கடலோரத்துச் சின்ன ஊர். மீன் சந்தை, ஒரு கோயில், ஒரு சர்ச், நாலு டீக்கடை. ஊர் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். காட்டைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். தோப்பை ஒட்டி ஒரு ரோடு. தினமும் சாயங்காலம் அதில் ஒரே ஒரு பஸ் வரும்.

காட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மழையில் ஊறிய செம்மண். வார்டன் சுத்தியலை ஓங்கி ஓங்கி அடித்தார். கூடாரத்து முளைகள் இறங்கி அசையாமல் நின்றன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே சட்டதிட்டங்களையும் அறிவித்தார். விடியும் முன்னே விசில். சாப்பிடும்போது பேச்சு கூடாது. டீ காலையில் ஒருமுறை மட்டும். டீத்தூளையும் சர்க்கரையையும் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியும் விட்டார்.

வந்தவர்களில் சுலோச்சனா தையற்கடை வைத்திருப்பவர். டீ இல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். பக்கிரிசாமி பஸ் கண்டக்டர், லீவு போட்டுவிட்டு வந்தவர். அந்த வாய்க்கு மட்டும் லீவு கிடையாது. மற்ற நாலு பேரும் இந்த இருவர் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள்.

மறுநாள் கடற்கரைக்கு வந்தார்கள். அதே சுத்தியல், அதே அடி. முளை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கடற்காற்று ஒரு வீச்சு வீசியதும் அதே சுலபத்தில் வெளியே வந்தது. வார்டன் இன்னும் ஆழமாக அடித்தார். கூடாரம் மறுபடியும் சரிந்தது. இந்த முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே படுத்திருந்த சுலோச்சனாவின் மேலேயே விழுந்தது.

துணிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஜெயில்லகூட டீ குடுப்பாங்க. மேல கூரையும் இருக்கும்."

பக்கிரிசாமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வார்டன் விசில் ஊதினார். அதோடு கதை முடிந்தது. ஆறு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் போய், சாயங்கால பஸ்ஸை எதிர்பார்த்து சவுக்கு நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினது அப்போதுதான்.

"என்ன, எல்லாரும் கிளம்பியாச்சா?"

"உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா," என்றார் சுலோச்சனா. "வார்டனை மட்டும் நீங்களே வச்சுக்குங்க."

அம்மா மணலில் இறங்கி நடந்தார். வார்டன் அப்போதும் முளை அடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் சுத்தியலைப் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இது ஒண்ணுதாம்மா இருக்கு. இவங்க போயிட்டாங்கன்னா வீட்ல போய் நான் என்ன பண்ணுவேன்? இவங்களை எப்படி நிக்க வைக்கிறது, சொல்லுங்க."

"முதல்ல கூடாரத்தை நிக்க வைப்போம். பை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

வார்டனிடம் ஒரு தாம்பூலப் பை இருந்தது. எந்தக் கல்யாணத்திலோ கொடுத்த மஞ்சள் துணிப்பை. அம்மா அதை வாங்கி, காலடி மணலை இரண்டு கையாலும் அள்ளி நிரப்பினார். வாயைக் கூடாரக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, பையை உள்ளே படுக்கவைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்தார்.

"இழுங்க பார்ப்போம்."

வார்டன் இழுத்தார். கயிறு விறைத்தது, அவ்வளவுதான். காலை ஊன்றிப் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். கை வழுக்கிப் பின்பக்கமாக மணலில் உட்கார்ந்தார். பை அசையவில்லை.

"உள்ள என்ன போட்டேன்?"

"மணல்தான்."

"எந்த மணல்?"

"காலையிலேர்ந்து என் முளையைத் துப்பிக்கிட்டே இருந்த மணல்."

"அதைத் திட்டினீங்களா?"

"வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னும் மூணு மூலை பாக்கி இருக்கு. பைக்கு என்ன பண்ணப்போறீங்க?"

வார்டன் ரோட்டோரத்தைப் பார்த்தார். ஆறு பேர் மடியிலும் பைகள் இருந்தன. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

சுலோச்சனாவின் முன்னால் போய் நின்று சாவியை நீட்டினார்.

"இந்தாங்கம்மா பெட்டிச் சாவி. டீ இனிமே உங்க பொறுப்பு. எனக்கும் ஒரு டம்ளர் குடுங்க, போதும்."

சுலோச்சனா சாவியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "எத்தனை தடவைன்னு கேக்கமாட்டீங்களே?"

"கேக்கமாட்டேன்."

"சர்க்கரை?"

"அதையும் கேக்கமாட்டேன்."

விசிலைக் கழற்றி பக்கிரிசாமியிடம் கொடுத்தார். "எனக்கு இதை ஊதத்தான் தெரியுது, ஆளைக் கூப்பிடத் தெரியலை. உங்களுக்கு அது கைவந்த வேலை. கூடாரத்துக்கு மூணு பை வேணும், மண் அள்ள ஆளும் வேணும்."

பக்கிரிசாமி எழுந்து தொண்டையைக் கனைத்தார். "கூடாரம் போறவங்க எல்லாம் ஏறிக்குங்க. வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க. பையைக் கையில வச்சுக்குங்க."

நாலு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். துணிமணிகளைப் பாயில் கொட்டிவிட்டுப் பைகளில் மணலை நிரப்பினார்கள். யார் பையில் மணல் அதிகம் என்று போட்டியே நடந்தது. நாலு மூலையும் ஊன்றி, கூடாரம் காற்றில் புடைத்துக்கொண்டு நின்றது. சுலோச்சனா கல் கூட்டி அடுப்பு மூட்டினார். இஞ்சி தட்டிப் போட்ட வாசனை தோப்பு வரைக்கும் போனது.

பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்ன பக்கிரி, ஊருக்கு வரலையா?"

பக்கிரிசாமி ஒரு கையில் டீயோடு, மறு கையால் விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினார். "போலாம் ரைட்."

பஸ் போய்விட்டது.

வார்டன் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு.

"ஆறு பேரும் இருக்காங்கம்மா. இனிமே முகாமை நானே நடத்தலாம் இல்லையா?"

அம்மா டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"அதோ, அவங்க நடத்திட்டு இருக்காங்க. உங்களையும் சேத்துக்குவாங்களான்னு போய்க் கேளுங்க."