முப்பத்தேழாவது மரம்

அந்தக் காலத்தில் மிருகமும் பறவையும் ஒரே பேச்சுத்தான் பேசின. பேசத் தெரிந்தவர்களுக்கு விளையாடத் தெரியாதா? மலையடிக் காட்டில் எல்லோருக்கும் சுவடுப்பெட்டி விளையாட்டு என்றால் பைத்தியம். ஒருவர் ஒரு மூங்கில் குழாயில் கொஞ்சம் ஓலையும் செஞ்சாயம் அடைத்த சிறு குடுக்கையும் போட்டு எங்காவது ஒளித்து வைப்பார். ‘ஓடைக்கு வடக்கே, சாய்ந்த பாறைக்கு அடியில்’ என்று ஒரு குறிப்பும் சொல்லிவிடுவார். தேடிக் கண்டுபிடிப்பவர் காலைச் சாயத்தில் தோய்த்து ஓலையில் பதித்துவிட்டு, பெட்டியைப் பழையபடி ஒளித்துவிட்டுப் போகவேண்டும். பரிசெல்லாம் கிடையாது.

இந்த விளையாட்டில் கூவாயியை மிஞ்ச ஆளில்லை. அவள்தான் நாம் இன்று மரங்கொத்தி என்று சொல்லும் பறவை. அப்போது அவளுக்கு அந்தப் பெயரும் இல்லை, தலையில் சிவப்பும் இல்லை. கனிந்த பழத்தைத் தவிர வேறெதையும் அவள் அலகு தொட்டதில்லை. தன்னம்பிக்கை மட்டும் காடு கொள்ளாத அளவுக்கு இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும், அவளுக்கு முன்பே ஒரு சுவடு அங்கே இருக்கும். இரண்டு நெல்மணிகளை ஒட்டி வைத்தாற்போல அவ்வளவு சின்னக் குளம்பு. யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. முதலில் கூவாயிக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக, பெட்டியைத் திறந்ததும் கண் அந்தச் சுவட்டைத்தான் தேடியது. ஒருநாள் அது இல்லாத பெட்டியைப் பார்த்து அவளுக்குப் பழம் இறங்கவில்லை. அந்தச் சுவட்டுக்காரியை நேரில் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

‘சித்திரை பத்தாம் நாள் பகலில் எல்லோரும் கூடுகிறோம். நீயும் வா’ என்று ஓலையில் கீறிப் பெட்டிக்குப் பெட்டி வைத்தாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. ‘கூட்டம்னா எனக்கு உதறல் எடுக்கும் அக்கா. பெட்டியைத் திறக்கிற நேரத்துக்கு மட்டும் வந்து சுவடு வச்சுட்டுப் போயிடறேன்.’

கூவாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. மாசியிலேயே ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். கரடி தேன் கொண்டுவர வேண்டும், குரங்குகள் பழம் கொண்டுவர வேண்டும், வழியில் தின்னாமல் கொண்டுவர வேண்டும். புலிக்குச் சேதி சொல்ல யாரும் முன்வரவில்லை. அதில் யாருக்கும் வருத்தமும் இல்லை.

கூட்டத்துக்கான பெரிய பெட்டியை அவளே ஒளித்தாள். ஆற்றங்கரையில் நாற்பது புரசமரங்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றே ஒன்று முந்திக்கொண்டு பூத்து, பற்றி எரிவது போல நின்றது. அதன் பொந்தில் பெட்டியை வைத்து, மழை இறங்காதபடி வாயை மண்ணால் பூசி, மேலே பட்டைத்தூளும் அப்பினாள். எது மரம், எது பூச்சு என்று அவளுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தமான வேலை.

கூட இருந்த ஆமை கேட்டது. “என்ன குறிப்பு சொல்லப்போற?”

“பூத்து நிக்கிற புரசமரம்னு.”

“பூ உதிர்ந்துடுமே, கூவாயி?”

“உதிர்ந்தா என்ன? மரம் எங்க போயிடப் போகுது? வச்சவ நான் இருக்கேன்ல.”

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

சித்திரை பத்தும் வந்தது. அப்படி ஒரு கூட்டத்தைக் காடு கண்டதில்லை. இத்தனை நாள் சுவடாக மட்டும் தெரிந்தவர்கள் முகம் பார்த்துக்கொண்டார்கள். “அந்த மூணு விரல்காரர் நீங்கதானா?” என்று முயல் மயிலைக் கட்டிக்கொண்டது. தின்று, சிரித்து, வெயில் சாய்ந்ததும் எல்லோரும் பெட்டியைத் தேடிப் புறப்பட்டார்கள்.

ஆற்றங்கரைக்கு வந்து நின்றார்கள். நாற்பது மரம், நாற்பதும் பச்சை. ஒரு பூ இல்லை.

எல்லோரும் கூவாயியைப் பார்த்தார்கள். அவள் முதல் மரத்தைப் பார்த்தாள், கடைசி மரத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஆமை மறுபடியும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதுதான் இன்னும் வலித்தது.

அப்போதுதான் ஈச்சம்புதருக்குப் பின்னால் இரண்டு சின்னக் காதுகள் நடுங்குவதைக் கண்டாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய உருவம். நெல்மணிக் குளம்பு. சருகுமான்! பெட்டி திறக்கவில்லை என்றதும் அது ஒரு காலைப் பின்னுக்கு எடுத்துவைத்தது. இன்று போனால் இனி ஒருநாளும் வராது.

கூவாயி எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னாள். “மரம் எதுன்னு எனக்கு மறந்துபோச்சு. தப்பு என்னோடது. ஆனா கண்டுபிடிச்சுடுவேன், யாரும் போயிடாதீங்க.”

முதல் மரத்தில் தொற்றினாள். பழம் மட்டும் தின்ற அலகால் ஓங்கித் தட்டினாள். டக். கெட்டி மரம். மண்டைக்குள் மணி அடித்தது. அடுத்த மரம். டக். அதுவும் கெட்டி. பத்தாவது மரத்தில் அலகு நுனி பெயர்ந்தது. இருபதாவதில் குரங்குகள் கொட்டாவி விட்டன. அவள் நிறுத்தவில்லை. அலகு உளி மாதிரி கூராகிக்கொண்டே வந்தது.

முப்பத்தேழாவது மரத்தில் டொக் என்றது.

பூச்சைப் பெயர்த்தாள். பெட்டி சரிந்தது, குடுக்கை உடைந்தது, செஞ்சாயம் முழுக்க அவள் தலையில் கொட்டியது. ஓலை மட்டும் தப்பியது.

“போச்சு, சாயம் போச்சு” என்றது முயல்.

புதர் விலகியது. அத்தனை பேர் பார்க்க, சருகுமான் நடந்து வந்து கூவாயியின் முன்னால் நின்றது.

“தலையைக் குனியுங்க அக்கா.”

கூவாயி குனிந்தாள். சருகுமான் தன் சின்னக் குளம்பை அவள் தலையில் மெல்ல ஒற்றி, ஓலையில் பதித்தது.

“மூணாவது தட்டுலயே ஓடியிருப்பேன்” என்றது. “அடுத்தது வருதான்னு கேட்டுக்கேட்டே நின்னுட்டேன்.”

கூவாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு எல்லோரும் அவள் தலையில் கால் வைத்துத்தான் சுவடு பதித்தார்கள். கரடிக்கு மட்டும் ஒரு விரலோடு சரி.

பிரியும்போது சருகுமான் அவள் காதோடு சொன்னது. “அடுத்த பெட்டியை நான் ஒளிக்கிறேன். ஏதோ ஒரு மரப்பொந்து. குறிப்பெல்லாம் கிடையாது. நீங்க தட்டுங்க, நான் எங்க இருந்தாலும் கேட்டுக்கிட்டிருப்பேன்.”

அந்தப் பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. செந்தலையோடு மரம் மரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் கூவாயி. புழுவுக்காகத் தட்டுகிறாள் என்பார்கள். போகிற வழியில் அகப்படும் புழுவை யார் வேண்டாம் என்பார்கள்? அவள் அலகுச் சத்தம் கேட்டால், ஓடுகிற சருகுமான் இன்றைக்கும் ஒரு காலைத் தூக்கியபடி நின்று, அடுத்த தட்டுக்குக் காது கொடுப்பது அன்று தொடங்கிய வழக்கம்தான்.